பீட்டுச் சக்கரம்

ரைஸ்மில் இன்ஜினை எடுப்பதற்கு முன்னால் குப்புராஜ் வாசலுக்கு வந்து களத்தைப் பார்ப்பார். நெல் காயப்போடும் பெண்களில் யாராவது சக்கரத்துக்கு நேராக நின்றால் கையை வீசிக் காட்டுவார். அவர்கள் நகரும்வரை உள்ளே போகமாட்டார்.

“இன்னா குப்புராஜு, கோடு கிழிச்சி வெச்சிட்டியா? பாண்டி ஆடலாமா?” என்பாள் காசியம்மாள். களத்தில் மூத்தவள் அவள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவர் மனைவி விருத்தாம்பாளின் குரலும் இருக்கும்.

“கொஞ்சம் தள்ளி நில்லு அக்கா. ஒரு கால் எடுத்து வெச்சா போதும்.”

“எந்தக் காலுன்னு சொல்லு.”

சக்கரத்துக்கு நேரான வழிக்குக் ‘குப்புராஜ் கோடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தரையில் கோடு எதுவும் இல்லை. இன்ஜின் அறையின் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பாதி தரைக்குக் கீழே, செங்கல் கட்டிய பள்ளத்தில் சுற்றும். பாதி மேலே. சக்கரம் சுற்றும் போக்கில் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது கதவு வழியாக வெளியே போய்க் களத்தை இரண்டாகப் பிரிக்கும். சக்கரம் உடைந்தால் துண்டு அந்தக் கயிற்றின் வழியில்தான் போகும். குப்புராஜ் மனதில் அந்தக் கயிறு எப்போதும் இழுத்துக் கட்டியிருந்தது.

அவருக்கு முதலில் இந்தப் பயம் கிடையாது. சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் கிணற்று இன்ஜின்களை ஓட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணமான பிறகு ஆரணிக்கு வந்து பொன்னுசாமியின் ரைஸ்மில்லில் டிரைவராகச் சேர்ந்தார். ஊரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் தறிச் சத்தம். அதற்கு மேலே, வெகு தூரம்வரை, இந்த இன்ஜினின் ‘டுக் டுக்’. தன் சத்தம் ஊருக்குள் கேட்பதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தது. ஆரக்காலில் ஏறி நின்று, உடம்பின் பாரத்தால் சக்கரத்தை இழுத்துவிடுவார். ஓடும் சக்கரத்தின் காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து சாப்பிடுவார். அறையின் கூரையைத் தாங்கும் இரண்டு தூண்கள் பொன்னுசாமியின் அப்பா எங்கோ ஒரு பழைய பங்களாவை இடிக்கும்போது வாங்கிவந்தவை. உச்சியில் இரும்பு இலைகள் விரிந்திருக்கும். அந்த இலையில்தான் சட்டையை மாட்டுவார். எல்லாம் இரும்பு. இரும்பைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை என்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விருத்தாம்பாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றினாள். வெடிச் சத்தம் கேட்டது. குப்புராஜ் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். அடுப்பின்மேல் தோசைக்கல் இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி நழுவி அவள் காலடியில் விழுந்திருந்தது.

“அடப் பாவமே, போயே பூட்ச்சி,” என்று அவள் சிரித்தாள்.

“முன்னாடி ஏதாச்சும் சத்தம் வந்துச்சா?”

“இன்னா சத்தம்?”

“ஒடையறதுக்கு முன்னாடி.”

“அது இன்னா, சொல்லிட்டா ஒடையும்? குந்துய்யா, பக்கத்து வூட்டுல கல்லு வாங்கியாறேன்.”

மறுநாள் தெருவில் பழைய இரும்பு வாங்கும் வண்டி வந்தது. குப்புராஜ் இரண்டு துண்டுகளையும் எடுத்துப்போனார். வண்டிக்காரர் அவற்றை இரும்புக் குவியலில் போடவில்லை. ஓரத்தில் தனியாக வைத்தார்.

“இது இரும்புல சேராதுங்க. பீடு.”

“பீடுன்னா?”

“காய்ச்சி வாத்து ஊத்துனது. இரும்புன்னா வளையும். வளஞ்சி காட்டும். பீடு வளையாது, ஒரே அடியா ஒடஞ்சி பூடும்.” அவர் கவனம் அடுத்த வீட்டு அம்மாள் கொண்டுவந்த வாளியில் இருந்தது.

“ரைஸ்மில்லு சக்கரம் இரும்புதானே?”

“இன்ஜின் சக்கரமா? எல்லாமே பீடுதாங்க. அந்தக் காலத்துத் தூணு, மாடிப் படி, கிணத்து ராட்டினம், எல்லாம் பீடு. நாங்க அப்பிடியே எடுக்கமாட்டோம். சம்மட்டியால ஒடச்சித்தான் வண்டில ஏத்துவோம்.”

அன்று மில்லுக்குப் போய்க் குப்புராஜ் தூணின் இலையில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். அதன் பிறகு சட்டையைக் கதவின் ஆணியில் மாட்டினார்.

மகள் துர்கா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது அவர் பீடு பீடு என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, “பீடுன்னா பெருமைப்பா. எங்க தமிழ் டீச்சர் சொன்னாங்க. பீடு நடைன்னா பெருமையா நடக்கறது,” என்றாள்.

“ஆமா, வளையாது,” என்றார் குப்புராஜ்.

அப்போது தொடங்கியது. இன்ஜின் ஓடும்போது காதை அதிலேயே வைத்திருந்தார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஏதோ குறைவது போலிருக்கும். பெல்ட்டாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வார். மதியச் சோறு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனது. பொன்னுசாமியிடம் ஒருமுறை சக்கரத்தைப் பார்க்க யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டார். பொன்னுசாமி கெட்டவர் அல்ல. “எங்க அப்பா காலத்துலேர்ந்து சுத்துது. நம்ம ரெண்டு பேருக்கும் அப்பாலயும் சுத்தும்,” என்றார். அவ்வளவு வயதான பொருள் என்று அதுவரை குப்புராஜ் நினைத்துப் பார்க்கவில்லை.

தனக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. டிரைவர் நிற்கும் இடம் சக்கரத்துக்குப் பக்கவாட்டில். துண்டு அவரைத் தாண்டித்தான் போகும். நேராகக் களத்துக்கு. அங்கே விருத்தாம்பாள் நெல்லைக் கால்களால் அளைந்து நடந்துகொண்டிருப்பாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஆயுத பூஜைக்கு, வழக்கம்போல, மில்லை நிறுத்தி எல்லாவற்றையும் துடைத்தார்கள். குப்புராஜ் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவினார். ஆரக்கால், விளிம்பு, இடுக்கு எல்லாவற்றிலும் பிடித்த வருடக் கணக்கான பிசுக்கு கரைந்து வந்தது. வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு விபூதியைத் தண்ணீரில் குழைத்து, ஆரக்கால் விளிம்பைச் சேரும் இடங்களில் பட்டை பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம். இன்ஜினுக்கு ஒரு மாலை. தூண்களுக்கும் பட்டை போட்டார்.

சாயங்காலம் பொன்னுசாமி குடும்பத்தோடு வந்தார். களத்துப் பெண்கள் தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தார்கள். பூசணிக்காய், பொரி, சுண்டல். விபூதி காய்ந்து வெள்ளை வெளேர் என்றிருந்தது. பொன்னுசாமி கற்பூரத் தட்டைச் சக்கரத்துக்கு முன்னால் சுற்றினார். அப்போதுதான் காசியம்மாள் கையை நீட்டினாள்.

“அத்தப் பாருங்க.”

மேலே இருந்த ஆரக்காலில், விபூதிப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. தலைமயிர் அளவு. பட்டை போடும்போது அது இல்லை.

“ஈஸ்வரன் நெத்தியில பெருமாளு நாமம் போட்டுகினாரு!”

எல்லோரும் முன்னால் நெருங்கினார்கள். பொன்னுசாமியின் முகம் மலர்ந்தது. அவர் அம்மா வழியில் பெருமாளைக் கும்பிடும் வீடு. “யாரும் போடலியே, தானா வந்துகீது,” என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கற்பூரத்தை மறுபடியும் கொளுத்தி அந்தக் கோட்டுக்குத் தனியாகக் காட்டினார். விருத்தாம்பாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். குப்புராஜ் மட்டும் கை கூப்பவில்லை. அவர் மற்ற ஆரக்கால்களைப் பார்த்தார். எதிலும் கோடு இல்லை.

“குப்புராஜு, அத்த அழிக்காத. அப்பிடியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பொன்னுசாமி வெளியே போனார்.

எல்லோரும் சுண்டல் வாங்கப் போன நேரத்தில் குப்புராஜ் துணியை எடுத்து அந்தப் பட்டையை மட்டும் துடைத்தார். வெறும் உலோகத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினார். நகத்தில்கூடச் சிக்கவில்லை. மறுபடியும் விபூதி குழைத்து அதே இடத்தில் பூசி, கையால் விசிறினார். ஈரம் காய்ந்தது. வெள்ளையில் எங்கிருந்தோ மண்ணெண்ணெய் கசிந்து வந்தது. அதே இடம். அதே கோடு. இந்த முறை கொஞ்சம் நீளமாக இருந்தது, அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது.

தட்டும் கையுமாக நின்ற பொன்னுசாமியிடம் போனார்.

“மொதலாளி, அது நாமம் இல்லீங்க. உள்ள வெடிப்பு கீது. மண்ணெண்ணெ அதுக்குள்ள பூந்துகினு வெளிய வருது.”

“அழிச்சிட்டியா நீ?”

“மறுபடியும் வந்துச்சிங்க.”

“வந்துச்சில்ல? அப்பறம் இன்னா?”

“நாளைக்கு ஓட்ட வேணாம் மொதலாளி.”

பொன்னுசாமி அவரைத் தனியாக அழைத்துப்போனார். “நாளைக்கு விஜயதசமி. நாளைக்கு ஓட்டலன்னா வருசம் பூரா ஓட்டாத மாரி. பேஜார் பண்ணாத குப்புராஜு. நல்ல நேரத்துல கொஞ்ச நேரம் ஓட்டு. அப்பால யாரையாச்சும் கூப்புட்டுக் காட்டலாம்.”

ஆனாலும் அவர் வெல்டிங் கடை சிவகுமாரை அங்கேயே கூப்பிட்டார். சிவகுமார் பூஜை பார்க்க வந்தவன். வாயில் பொரி. ஒரு ஸ்பேனரை எடுத்து ஆரக்காலில் தட்டினான். ‘ணங்’ என்று நீண்டது. பக்கத்து ஆரக்காலில் தட்டினான். அதுவும் ‘ணங்’.

“நல்லாத்தானே கத்துது. வெடிப்புன்னா டப்புன்னு செத்த சத்தம் வரும். மேல் தோலுல ஏதோ கீறலு. பயமா இருந்தா சொல்லுண்ணே, ரெண்டு ராடு வெல்டு ஓட்டிடறேன்.”

“பீட்டுல ராடு நிக்குமா?”

“ஒனுக்கு யாருண்ணே இதெல்லாம் சொல்றாங்க?”

பழைய இரும்பு வண்டிக்காரர் என்று சொல்லக் குப்புராஜுக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஸ்பேனரை வாங்கித் தானே தட்டினார். இரண்டும் ஒரே சத்தமா? முதலில் ஒன்று போலிருந்தது. பிறகு இல்லை போலிருந்தது. பிறகு எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. காதுக்குள் அவர் ரத்தம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது விருத்தாம்பாளிடம் சொன்னார்.

“நாளைக்கு நீ வராத.”

“நல்ல நாளும் அதுவுமா? ஓட்டி முடிச்சதும் பொடவை குடுப்பாங்க. எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் வூட்டுல குந்திகினு இருக்கணுமா?”

“அப்ப ஓரமா நில்லு.”

“மொதலாளி வாசலுக்கு எதிர்லதான் கோலம் போடச் சொல்லிகீறாரு. நெல்லு குவிச்சி வெளக்கு ஏத்தணும். நானும் காசியம்மா அக்காவும்தான்.”

வாசலுக்கு எதிரில் என்றால் கோட்டின் மேல். குப்புராஜ் நின்றுவிட்டார்.

“ஒடஞ்சா அங்கதான் வரும் விருத்தாம்பா.”

“ஒடஞ்சா! ஒடஞ்சா நீ எங்க நிப்ப?”

“பக்கத்துல.”

“ஒனுக்கு ஒண்ணும் ஆவாதா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “போய்யா, தோசைக்கல்லு ஒடஞ்சதுலேர்ந்து இதே பேச்சு,” என்று முன்னால் நடந்தாள். அவள் குரல் சற்று இறங்கியிருந்தது. ஆனாலும் மறுநாளுக்கான கோலமாவை அன்றே சலித்து வைத்தாள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் குப்புராஜ் மில்லுக்குப் போனார். அவரிடம் சாவி இருந்தது. நல்ல நேரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஓட்டாமல் ஊருக்கு ஓடிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தார். ஓடினால் சிவகுமாரை ஓட்டச் சொல்வார்கள். அவனுக்கும் இன்ஜின் எடுக்கத் தெரியும். அவன் வாசலுக்கு வந்து களத்தைப் பார்க்கமாட்டான்.

மூலையில் சம்மட்டி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் நின்றார். விபூதி, குங்குமம், மாலை. நேற்றுக் கற்பூரம் காட்டிய பொருள். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார். எழுந்து மாலையைக் கழற்றி இன்ஜினின் மேல் வைத்தார். துணியால் விபூதியையும் குங்குமத்தையும் முழுதாகத் துடைத்தார். இப்போது அது வெறும் சக்கரம். கோடும் இல்லை. அதுதான் அவரை மேலும் பயமுறுத்தியது. எதை உடைக்கப்போகிறோம் என்பதற்கு அடையாளமே இல்லை.

நேற்றுக் கோடு தெரிந்த ஆரக்காலில் முதல் அடி. ‘ணங்’ என்று அறை முழுவதும் அதிர்ந்தது. சக்கரம் கொஞ்சம் உருண்டு நின்றது. ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது அடியை ஓங்கி அடித்தார். ‘ணங்’. கைகள் தோள்வரை மரத்தன. அடித்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லை. நல்ல சக்கரம் என்று அவருக்குத் தோன்றியது. நல்ல சக்கரத்தை, விஜயதசமி அன்று, சம்மட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறோம். வியர்வை கண்ணில் இறங்கியது. வெளியே களத்தில் பேச்சுக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம். கோலமாவு டப்பாவைத் தட்டும் சத்தம்.

மூன்றாவது அடியில் அந்த ‘ணங்’ வரவில்லை. ‘டப்’ என்று மட்டும், ஈர மண்ணில் விழுந்தது போல். ஆரக்கால் முறிந்தது. முறிந்த அதே நொடி, மேலே விளிம்பு யாரும் தொடாமலேயே தானாக வாயைத் திறந்தது. இவ்வளவு காலம் அது தனக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது போல, ஒரு விரல் இடைவெளிக்குத் துள்ளி விலகியது. குப்புராஜ் பின்னால் தாவிச் சுவரில் முட்டிக்கொண்டார். சம்மட்டி பள்ளத்துக்குள் விழுந்தது.

கதவில் விருத்தாம்பாள் நின்றாள். கையெல்லாம் கோலமாவு.

“இன்னாய்யா பண்ண?” என்றாள். பிறகு கத்த ஆரம்பித்தாள்.

பொன்னுசாமி வந்தார். பட்டு வேட்டி. உடைந்த வாயைப் பார்த்தார். அவருடைய அம்மா களத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். காசியம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, முறிந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள பழுப்பா கீதே.”

சிவகுமாரும் பார்த்தான். முறிவில் பெரும்பகுதி புதுச் சாம்பல் நிறம், கல்லுப்பை உடைத்தது போலப் பளபளத்தது. ஒரு ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு, பழைய துரு.

“வெடிப்பு இருந்துகீது,” என்றான். “ஆனா இவ்ளோதான். மீதி எல்லாம் நல்ல பீடு. இது பாட்டுக்கு எத்தினியோ வருசம் ஓடியிருக்கும்.”

“ஓடாம இன்னிக்கே ஒடஞ்சும் இருக்கும்,” என்றாள் காசியம்மாள்.

“அத்த யாரு சொல்ல முடியும்?”

எல்லோரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது.

பொன்னுசாமி கடைசியில் பேசினார். “நீ போயிடு குப்புராஜு. இனிமே வராத.” திட்டவில்லை. குப்புராஜ் கதவின் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் எந்த மில்லிலும் இன்ஜின் ஓட்டவில்லை. சாமி கும்பிட்ட சக்கரத்தை உடைத்தவர் என்று யாரும் சேர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொஞ்ச காலம் செய்யாரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். கம்பெனிப் பஸ்ஸில் போய்வந்தார். அந்தக் கம்பெனியில் இரும்பு எது, பீடு எது என்று ஆட்களிடம் விசாரிப்பார். கேட் இரும்பா பீடா என்று கேட்பார். “கேட்டு இரும்புண்ணே, பயப்படாம நில்லு,” என்று சிரிப்பார்கள். துர்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பவர்லூம் போட்டிருந்தார்கள். தறியின் பக்கச் சட்டம் பீடு என்று தெரிந்தபோது, மகளைப் பார்க்கப் போனால் தறிக்கொட்டகைக்குள் நுழையமாட்டார். வெளியே நின்று கூப்பிடுவார்.

வீட்டில் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. ஒரே ஒருமுறை விருத்தாம்பாள் கேட்டாள்.

“ஒடைக்காம வுட்டிருந்தா அன்னிக்கி ஒடஞ்சிருக்குமா?”

“தெரில.”

“தெரியாமயா ஒடச்ச?”

“தெரிஞ்சிருந்தா பயம் இருந்திருக்காதே.”

அவள் களத்து வேலையை விடவில்லை. பொன்னுசாமி அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வருடம் புடவையும் கொடுத்தனுப்பினார். சக்கரத் துண்டுகளை வண்டியில் ஏற்றிப்போனார்கள். பள்ளத்தை மண் போட்டு மூடி, மேலே மோட்டார் வைத்தார்கள். மோட்டார் சத்தம் தெருமுனைக்குக்கூட எட்டவில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஒரு மதியம், வீட்டுச் சாவி வாங்கக் குப்புராஜ் மில் வாசலுக்குப் போனார். வெளி கேட்டைத் தாண்டவில்லை. அங்கிருந்தே கையை வீசினார். விருத்தாம்பாள் களத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். நெல் காலி செய்த வெற்றுத் தரை. நேராக நடந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். அவள் நேராக வரவில்லை. இன்ஜின் அறைச் சுவரை ஒட்டிப் போய், கதவை நெருங்கியதும் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். அந்த இடத்தை மட்டும் நான்கு எட்டில் வேகமாகக் கடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த காசியம்மாளும் அப்படியே கடந்தாள்.

“இன்னாத்துக்கு ஓடியார? அங்கதான் ஒண்ணும் இல்லியே,” என்றார் குப்புராஜ்.

“காலு பழகிடுச்சி,” என்றாள் அவள். சாவியை நீட்டினாள். பிறகு அவர் நின்ற இடத்தையும், தன் தோளுக்குப் பின்னால் அந்தக் கதவையும், திரும்பிப் பார்த்தாள்.

“நீ எங்க நிக்கற பாரு.”

குப்புராஜ் பார்த்தார். கேட், களம், கதவு. எல்லாம் ஒரே நேராக இருந்தன. சாவியை வாங்குவதற்கு முன்னால் அவர் ஓரமாக ஒரு எட்டு நகர்ந்தார்.